தோட்டத்துப் பாதைகள் – 14: பிரதி இல்லாத படம்

சென்ற வாரம் வாசகர்களைப் புக்கிட் ரோத்தான் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு வந்தேன். அங்கிருந்து பெஸ்தாரி ஜெயாவுக்கு, அதாவது 2007 வரையில் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் பெற்றிருந்து, பெரியவர்கள் வாயில் இன்றும் அப்பெயராலேயே வழங்கிவரும் ஊருக்கு, எடுத்த கையோடு படத்தை வெளியே தள்ளும் இன்ஸ்டாக்ஸ் காமிரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இவ்வாரம் போவோம். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், இந்நாட்டிலேயே முதன்முதலாக வியாபார நோக்கத்தோடு செம்பனை பயிரிட்ட தோட்டம் இப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பெயரோ தென்னமரம்!

வேறொரு தோட்டத்தில், லயத்து வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவரைப் படம் எடுத்தேன். காமிராவிலிருந்து வெள்ளை அட்டை நாக்குப் போல நீண்டது. அதை வாங்கிய பேரன் விசிறியாக உதறத் தொடங்கினான். "உதறாதே தம்பி, சும்மா மடியில வை" என்றேன். ஒரு பக்கம் அகலமாக விட்டிருக்கும் வெள்ளை விளிம்புக்குள் ரசாயனக் குழம்பு சிறு பையில் அடங்கியிருக்கிறது. பிலிம் வெளியே வரும்போது இரண்டு உருளைகள் அப்பையை நசுக்கி, கல்லில் தோசை மாவைத் தேய்ப்பது போலக் குழம்பை மெல்லியதாகப் பரப்பிவிடுகின்றன. உதறுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சேலைக் கரை, பிறகு உரல், கடைசியில் முகம் என்று ஒன்றிரண்டு நிமிஷத்தில் எல்லாம் துலங்கின. போலராய்டு பிலிமுக்கு 28 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணம் ஆகாது, நம் நண்பகலில் படமெங்கும் செம்மை படர்ந்துவிடும். இன்ஸ்டாக்ஸ் 40 வரை தாங்கும் என்பதாலேயே அதைக் கொண்டுபோனேன்.

பாட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கம்மாவுக்கு ஐசி படம் ஒன்னுதான் இருந்திச்சு, தம்பி. அவங்க தவறினப்ப ஐசியத் திருப்பிக் குடுத்தோம். படமும் அதோட போச்சு."

1948இல் அவசரகாலம் பிரகடனமாகி, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாவருக்கும் ஐசி என்னும் அடையாளக் கார்டு கட்டாயமானபோது, படம் பிடிப்பவர்கள் தோட்டந்தோட்டமாக வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் எட்வின் லாண்டின் உடனடிக் காமிரா பாஸ்டன் நகரத்துக் கடையொன்றில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஒன்று முகத்தை எடுத்துப் பதிவேட்டில் சேர்த்தது. மற்றொன்று எடுத்த இடத்திலேயே முகத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிற்காலத்தில் பட்டணத்திலிருந்து வந்து, பால்மரத்தடியிலும் கோவில் திருவிழாவிலும் படம் எடுத்துக்கொண்டு, "அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லிப் போனவர்களில் எத்தனை பேர் அனுப்பினார்கள்? நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். நெகட்டிவ் கிடையாது, மறுபிரதி கிடையாது என்று இந்தப் பிலிமின்மேல் சொல்லப்படும் குறையைத் தோட்டத்தில் நான் குறையாகக் கருதுவதில்லை. கொடுத்துவிட்டால் நம்மிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

அந்தி சாய்ந்தபின் கம்போங் குவாந்தானில் படகேறினேன். பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுக்கிக்கொண்டிருந்தன. அங்கே பிளாஷ் அடிக்கத் தடை, என் காமிராவிலோ பிளாஷை நிறுத்த வழியில்லை. பெட்டிக்குப் பத்துப் பிலிம். ஒன்பது தோட்டத்து வீடுகளில் இருக்கின்றன; பத்தாவது இன்னும் காமிராவுக்குள்ளேயே இருக்கிறது.

(தொடரும்)