பூட்டுப் போடும் இழை

நானுஓயாத் தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து கொய்வோர் பலருக்கு வெற்றிலை உற்ற துணை. அதனோடு சேரும் பாக்கும் புகையிலையும் வாயில் மட்டுமன்றி, உணவுக்குழாயிலும் புற்றுநோயை விளைவிப்பன. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் பருகுவதும் நன்றன்று. 65 பாகைக்கு மேற்பட்ட சூடு ஐயத்துக்குரியதென 2016இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் அறிவித்தது. பழி சூட்டின் மீதேயன்றித் தேயிலையின் மீதன்று!

புற்று பிறந்த இடத்திலேயே தங்கினால் வைத்தியர் வெல்லக்கூடும், பரவுவதே பேராபத்து. எங்ஙனம் பரவுகிறது? நம் மரபுப் பொருளில் புரதம் ஆக்கக் கட்டளையிடும் பகுதி நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கே. எஞ்சிய பகுதியிலிருந்தும் ஆர்.என்.ஏ. என்னும் நீண்ட இழைகள் தோன்றுகின்றன. அவை புரதம் ஆக்குவதில்லை. ஆகவே வீணென்று தள்ளினர் சிலர். அவசரத் தீர்ப்பு அது.

2007இல் கண்டறியப்பட்ட ‘ஹொட்டெயர்’ அத்தகைய இழை. அது புரதக் கூட்டமொன்றை அழைத்துச் சென்று, சில மரபணுக்களுக்குப் பூட்டுப் போடச் செய்கிறது. புற்றணுக்களை அடக்கிவைக்கும் மரபணுக்களும் அவ்வாறு பூட்டப்படுவதுண்டு. காவல் நீங்கவே, அணுக்கள் இடம்பெயர்கின்றன. உணவுக்குழாய்ப் புற்றில் இவ்விழை மிகுந்தோரிடம் நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருத்தல் அதிகமெனச் சீன ஆய்வாளர் கண்டனர்.

இவ்விழையை அடக்கும் மருந்து இன்னும் ஆய்வுகூடத்தைத் தாண்டவில்லை. சோறு விழுங்கையில் நெஞ்சில் தடைப்படுவதை வாயுவென்று எண்ணிக் கஷாயத்தோடு நாள் கடத்துவோர் உளர். உள்நோக்கிக் குழாயால் பார்த்து, சிறு தசைத் துணுக்கைச் சோதித்தே நோயை உறுதிசெய்ய இயலும்.