அட்டை வசனமும் அன்றாட வாசிப்பும்

ஆண்டின் கடைசி இரவு ஆராதனை முடிந்ததும் தமிழகத்தின் பல திருச்சபைகளில் ஒரு வரிசை உருவாகும். தட்டிலோ பெட்டியிலோ வசன அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருவரும் ஓர் அட்டையை எடுப்பர். அதில் அச்சாகியிருக்கும் திருமறை வசனமே அவருக்குப் புத்தாண்டின் 'வாக்குத்தத்தம்'. அது பிறகு அலமாரிக் கண்ணாடியிலும் கைப்பையிலும் கடையின் கல்லாப் பெட்டி மேலும் ஓராண்டுக் காலம் இடம்பெறும். பாதுகாப்பு, பெருக்கம், உயர்வு, நீடித்த ஆயுள் ஆகியவையே இவ்வட்டைகளில் பெரும்பாலும் பேசப்படும். யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கும் வசனம் எவர் கைக்கும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்வழக்கத்தை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. கடன், நோய், பிள்ளையின் படிப்பு என்று ஆயிரம் கவலைகளோடு நள்ளிரவில் வந்து நிற்கும் ஒருவருக்கு அச்சிட்ட ஒரு வரி தரும் ஆறுதலைக் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமையில்லை. எனினும், வேதாகமத்தை நாள்தோறும் வரிசையாகப் படிக்கும் பழக்கத்தைப் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. அட்டையிலுள்ள வசனம் கற்பிக்கும் நம்பிக்கையும், அதே வசனம் தன் அத்தியாயத்துக்குள் இருந்தபடி கற்பிக்கும் நம்பிக்கையும் பல நேரங்களில் ஒன்றல்ல. சில நேரங்களில் நேர் எதிரானவை.

நம் வீடுகளிலும் கடைகளிலும் மிகுதியாகக் காணப்படும் வசனங்களுள் ஒன்று யோபு நூலின் எட்டாம் அதிகாரத்தில் உள்ளது. தொடக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு மிகவும் பெருகும் என்னும் பொருள்பட அமைந்தது அது. புதுத் தொழில் தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்த்து வேறு கிடைக்காது. ஆனால் அதைச் சொல்பவர் கடவுளும் அல்லர், தீர்க்கதரிசியும் அல்லர். யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்களுள் ஒருவரான பில்தாத் என்பவர் சொல்வது அது. யோபு தன் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து, உடலெங்கும் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும் வேளையில் சொல்கிறார். அதற்குச் சற்று முன்புதான் அவர் வேறொன்றையும் குறிப்புணர்த்தியிருக்கிறார்: பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதன் விளைவை அனுபவித்திருப்பார்கள் என்று. நீ உத்தமனாக இருந்தால் இழந்ததெல்லாம் பெருகித் திரும்பும் என்பது அவருடைய வாதம். பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த தகப்பனிடம் வைக்கப்படும் வாதம்!

யோபு நூல் 42 அதிகாரங்கள் கொண்டது. நாளுக்கு மூன்று அதிகாரம் என்று படித்தால் இரண்டு வாரம் இந்த நண்பர்களோடு வாழ வேண்டியிருக்கும். அவர்கள் பேசுவதில் பெரும்பகுதி பக்தி மணம் கமழ்வது, தனித்தனியே எடுத்தால் மறுக்க இயலாதது. கடைசி அதிகாரத்தில்தான் தீர்ப்பு வருகிறது. அவர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுள் சினம் கொள்கிறார். புலம்பியவனும் வழக்காடியவனும் கடவுளையே சாட்சிக் கூண்டுக்கு அழைத்தவனுமாகிய யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். அந்த நண்பர்கள் செய்ததில் குறை காண முடியாத செயல் இரண்டாம் அதிகாரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஏழு பகலும் ஏழு இரவும் அவர்கள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதை வெறும் இலக்கிய நுட்பமாக நான் கருதவில்லை. மருத்துவமனை வராந்தாக்களில் பில்தாத்தின் குரலை நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். ஜெபத்துக்கு வந்தவர்கள், நோயாளி தேறாதபோது, "விசுவாசம் குறைவுபட்டிருக்கலாம்" என்று கூறிவிட்டுப் போவதைக் கேட்டிருக்கிறேன். மரணத்தின் துயரத்தோடு, அந்த மரணத்துக்குத் தாமே காரணமோ என்னும் குற்றவுணர்வும் அக்குடும்பத்தின் தலையில் ஏற்றப்படுகிறது. அப்படிச் சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். வசனங்களை நன்கு அறிந்தவர்கள். யோபு நூலைக் கடைசி அதிகாரம்வரை படித்த எவரும் அந்த வாக்கியத்தைச் சொல்லுமுன் சற்றே தயங்குவார் என்று நம்புகிறேன். நாள்தோறும் படிப்பதால் எனக்குக் கிடைத்த பயன்களுள் இந்தத் தயக்கத்தையே முதலில் வைப்பேன்.

எரேமியாவும் அட்டைகளில் அடிக்கடி இடம்பெறுபவர். அவர் நூலின் 29ஆம் அதிகாரத்தில், கடவுள் தம் மக்களுக்காக வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, நல்ல எதிர்காலத்துக்கானவை என்னும் கருத்துடைய வசனம் உண்டு. தேர்வு எழுதப் போகும் மாணவருக்கும் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்பவருக்கும் நாம் தாராளமாக வழங்கும் வசனம் இது. அதன் சூழலோ வேறு. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எழுதிய மடலின் ஒரு பகுதி அது. விரைவில் ஊர் திரும்பலாம் என்று எதிர்பார்த்திருந்தவர்களிடம் அம்மடல் சொல்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய அந்நகரின் நலனுக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள், 70 ஆண்டு ஆகும். மடலைக் கையில் வாங்கிய முதியவர்களுள் எவர் 70 ஆண்டு உயிரோடிருக்கப் போகிறார்? நல்ல எதிர்காலம் உண்டு என்னும் வாக்கு, அதைக் காண வாய்ப்பில்லாதவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

முந்தைய அதிகாரத்தைப் படிக்காமல் இதன் கூர்மை புலப்படாது. 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்னும் மற்றொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சீராகிவிடும் என்று கோயிலில் அனைவர் முன்னிலையிலும் அறிவிக்கிறார். எரேமியா கழுத்தில் அடையாளமாகப் பூட்டியிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். கூட்டம் எவரை விரும்பியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. இரண்டு ஆண்டு என்பவரும் 70 ஆண்டு என்பவரும் ஒரே கடவுளின் பெயரால்தான் பேசுகிறார்கள். அனனியாவை இந்நூல் பொய்த் தீர்க்கதரிசி என்று தள்ளுகிறது.

இன்னும் நான்கு நாள் பொறுமையாகப் படித்தால் 32ஆம் அதிகாரம் வந்துவிடும். விவிலியம் முழுவதிலும் நம்பிக்கை என்றால் என்னவென்று எனக்கு மிகத் தெளிவாகக் காட்டிய பகுதி அது. வியப்பு என்னவெனில், அது ஒரு நிலப் பத்திரத்தைப் பற்றியது. எருசலேம் முற்றுகையில் இருக்கிறது. அரசன் சிதேக்கியா எரேமியாவைக் காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறான். நகரம் விழும் என்று சொன்னதே அவர் செய்த குற்றம். அந்நேரம் பார்த்துச் சிற்றப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்து ஊரிலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். அவ்வூர் எருசலேமுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், முற்றுகையிட்ட படையின் பிடிக்குள் இருந்திருக்க வேண்டிய இடம். இதைவிட மோசமான நில பேரத்தை நம் ஊர்த் தரகர்கள்கூடக் கொண்டுவர மாட்டார்கள்.

எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதப்படுகிறது, சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் எழுத்தராகிய பாருக்கிடம் ஒப்படைத்து, நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்நாட்டில் மீண்டும் வீடும் வயலும் தோட்டமும் வாங்கப்படும் என்பதற்கு அடையாளமாக இத்தனையும். நம்முடைய சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பதுபோல் ஒவ்வொரு படியும் பதிவாகியிருக்கிறது. ஓர் இறையனுபவத்தைச் சொல்லும் நூல் நிறுவைக்கும் சாட்சிக் கையெழுத்துக்கும் இவ்வளவு இடம் ஒதுக்குவதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அதற்கு அடுத்து வருவதுதான் முதன்மையானது. பத்திரம் கைமாறிய பிறகே எரேமியா வேண்டுகிறார். அந்த வேண்டுதல் புகழ்ச்சியில் தொடங்கித் திகைப்பில் முடிகிறது. மண்மேடுகள் நகரை நெருங்கிவிட்டன, எதிரியின் கையில் நகரம் விழப்போகிறது, நீரோ நிலம் வாங்கச் சொன்னீர் என்கிறார். முதலில் ஐயம் தீர்ந்து, பிறகு பணம் கொடுக்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு ஐயத்தைச் சொல்கிறார். அந்நிலத்தில் அவர் ஒரு நாளேனும் ஏர் பூட்டியதாகக் குறிப்பில்லை. நகரம் விழுந்தபின் தம் மக்களோடு எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார் என்பதை 43ஆம் அதிகாரம் தெரிவிக்கிறது.

இங்கே சொல்லைப் பற்றிச் சற்றுப் பேச வேண்டும். புராட்டஸ்டண்ட் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு 'விசுவாசம்' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அதே இடத்தில் 'நம்பிக்கை' என்கிறது. பழைய மொழிபெயர்ப்பிலோ 'நம்பிக்கை' என்பது வேறொன்றைக் குறிக்கும். அதற்குத் திருவிவிலியம் 'எதிர்நோக்கு' என்னும் சொல்லைக் கையாளுகிறது. இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பவர் தொடக்கத்தில் குழம்பத்தான் செய்வார். திருவிவிலியத்தின் சொல்லே நல்ல தமிழ் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும், பேச்சுத் தமிழில் 'விசுவாசம்' என்ற சொல் பெற்றிருக்கும் பொருளை இழக்க மனம் வரவில்லை. நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். பழைய முதலாளிக்கு விசுவாசமாக இருந்தார் என்கிறோம். அங்கே விசுவாசம் என்பது கருத்தொப்புதலன்று, கைவிடாமல் நிற்பது.

எபிரேயச் சொல்லும் அப்பக்கமே சாய்கிறது. 'எமுனா' என்னும் அப்பெயர்ச்சொல் விவிலியத்தில் முதன்முதலாக வரும் இடம் யாத்திராகமம் 17ஆம் அதிகாரம். அமலேக்கியரோடு போர் நடக்கிறது. குன்றின்மேல் நிற்கும் மோசேயின் கைகள் உயர்ந்திருக்கும்வரை இஸ்ரவேலர் மேற்கொள்கிறார்கள்; தாழ்ந்தால் பின்னடைகிறார்கள். கைகள் தளர்கின்றன. ஒரு கல்லில் அவரை உட்காரவைத்து, ஆரோன் ஒருபுறமும் ஊர் என்பவர் மறுபுறமும் கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் மறையும்வரை அவர் கைகள் உறுதியாக இருந்தன என்கிறபோது வரும் சொல்தான் 'எமுனா'. பிறர் தாங்கிப் பிடித்ததால் நிலைத்து நின்ற கைகளைப் பற்றியது அது. விசுவாசம் குறைவுபட்டது என்று வராந்தாவில் தீர்ப்புச் சொல்பவர், நோயாளியின் கையை எத்தனை நாழிகை பிடித்துக்கொண்டிருந்தார் என்னும் கேள்வியை இந்த அதிகாரம் என்னுள் எழுப்புகிறது.

இத்தகைய பகுதிகளை யாரும் தேடி எடுப்பதில்லை. வரிசையில் வந்தால்தான் சந்திப்போம். கணக்கு எளிது. விவிலியத்தின் 66 நூல்களில் 1,189 அதிகாரங்கள். வாரநாட்களில் மூன்றும் ஞாயிறன்று ஐந்தும் படித்தால் வாரத்துக்கு 23, ஓராண்டில் முடிந்துவிடும். ஜனவரியில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் லேவியராகமத்தின் பலிமுறைச் சட்டங்களில் நின்றுவிடுவார்கள். அதில் வியப்பில்லை, எனக்கும் அப்பகுதி இன்றுவரை சுவைக்கவில்லை. சங்கீதங்களைப் பலரும் விரும்புவர். ஆனால் அந்த 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் என்பதும், 88ஆம் சங்கீதம் ஒரு வரி ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது என்பதும் தொடர்ந்து படிப்பவருக்கே தெரியவரும். நம் ஊர் ஒப்பாரியை அறிந்தவருக்கு அந்தப் பாடல் அந்நியமாகத் தோன்றாது.

அன்றாடம் என்பதற்கே ஒரு பாடம் யாத்திராகமம் 16இல் உண்டு. வனாந்தரத்தில் கிடைத்த மன்னாவை ஆளுக்கு ஓர் ஓமர் அளவு அன்றன்றே சேர்க்க வேண்டும். மறுநாளைக்கென்று வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் மட்டும் விலக்கு. ஆண்டு முழுமைக்கும் ஒரே அட்டையைச் சேமித்து வைக்கும் நமக்கு இது சங்கடமான அதிகாரம். அதேபோல் எலியா. கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்ட அவர், அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவை வேண்டுகிறார். தூதன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து உண்ணச் சொல்கிறான். அவர் உண்டு உறங்குகிறார். மறுபடி எழுப்பி மறுபடி உண்ணச் சொல்கிறான்.

ஒற்றை வசனத்தைப் பற்றிக் கடுமையாக எழுதிவிட்ட பிறகு, மறுபக்கத்தையும் சொல்வது நியாயம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் நகரில் மொராவியச் சகோதர சபையார் நாளுக்கொரு வசனத்தைச் சீட்டுப்போட்டு எடுத்து, 1731 முதல் ஆண்டுதோறும் நூலாக அச்சிட்டு வருகின்றனர். அந்நூலை நாள்தோறும் பயன்படுத்தியவர்களுள் ஒருவர் ஹிட்லரை எதிர்த்த இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர். 1939 ஜூனில் அவர் நியூயார்க்கில் பாதுகாப்பாக இருந்தார். நாடு திரும்புவதென முடிவெடுத்துவிட்ட பின்னும் மனம் அலைபாய்ந்தது. அம்மாதம் 26ஆம் நாள், குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வரி தற்செயலாகக் கண்ணில்பட்டதாகவும் அது நாள் முழுதும் தம்மை விடாது தொடர்ந்ததாகவும் நாட்குறிப்பில் எழுதினார். பவுல் தம் மேலங்கியையும் நூல்களையும் கொண்டுவரும்படி கேட்கும் தனிப்பட்ட மடலின் வரி அது. அதைத் தமக்கானதாக எடுத்துக்கொள்வது தவறான பயன்பாடாகாது என்று அவர் கருதினார். அடுத்த மாதம் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். ஆக, ஒற்றை வரியும் ஒருவரை அழைக்கக்கூடும். ஆனால் அவரை அது அழைத்தது பெருக்கத்தை நோக்கியன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

தொடங்க விரும்புவோருக்கு, 16 அதிகாரங்களே கொண்ட மாற்கு நற்செய்தியையும் அத்துடன் நாளுக்கு ஒரு சங்கீதத்தையும் பரிந்துரைப்பேன். ஆண்டுத் திட்டத்தை விரும்புவோருக்கு ஸ்காட்லாந்தின் டண்டி நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842 டிசம்பர் இறுதியில் தம் சபையாருக்கு வகுத்தளித்த அட்டவணை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. பழைய ஏற்பாட்டை ஒருமுறையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் ஓராண்டில் படிக்கச் செய்வது அது. அதற்கு எழுதிய முன்னுரையில் அவர் நன்மைகளுக்கு முன்பாக ஆபத்துகளைப் பட்டியலிட்டார். படிப்பு வெறும் சடங்காகிவிடும், படிக்கிறோம் என்ற தற்பெருமை வரும், கவனமின்றி ஓடிவிடுவோம், சிலருக்கு அது தாங்க முடியாத சுமையாகிவிடும் என்றார். அட்டவணையின் முதலாண்டு மூன்று மாதத்தைக்கூட அவர் முடிக்கவில்லை. 1843 மார்ச் 25 அன்று காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு வயது 29.