சிப்பியிடம் கற்ற பசை

புதிதாக அலமாரி செய்த வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் நெடியைப் பலர் புது மரத்தின் வாசனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெயின்டும் வார்னிஷும் அதில் கலந்திருக்கலாம். ஆனால் கண் எரிகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது பிளைவுட்டுக்குள் இருக்கும் பசையைத்தான்.

பிளைவுட் செய்யும் ஆலையில் அடிமரத்தைச் சுழலவிட்டு, பென்சில் சீவுவதுபோல் மெல்லிய ஏடாக உரித்தெடுப்பார்கள். ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி, இடையே பசை தடவி, சூடான பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் பலகை தயார். இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. மலிவானது, சீக்கிரம் இறுகும், மரத்தில் கறை விடாது. ஆனால் காற்றின் ஈரமும் வெப்பமும் பட்டால் அந்தப் பசை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். பலகை வீட்டுக்கு வந்து பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆன பிறகும் விடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் இந்த வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது.

இதற்கு மாற்று கிடைத்தது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில். அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் மரப் பசைகளை ஆராய்ந்துகொண்டிருந்த கைசாங் லீ, கடற்கரைப் பாறைகளில் ஒட்டியிருந்த சிப்பிகளைக் கவனித்தார். கேரளத்தில் கல்லுமக்காய் என்று பொரித்துத் தருவார்களே, அந்தக் குடும்பத்துச் சிப்பிதான். அலை ஓயாமல் அடித்தும் அவை பாறையை விடவில்லை. நாம் தயாரிக்கும் பசைகளில் பெரும்பாலானவை ஈரமான பரப்பில் ஒட்டாது. பரப்பின் மேல் நீர் ஒரு படலமாகப் படிந்து, பசையைக் கிட்டே விடாது. சிப்பி தண்ணீருக்குள் இருந்தபடியே ஒட்டுகிறது.

எப்படி என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். ஓட்டுக்குள்ளிருந்து நாக்கு வடிவத்தில் ஒரு பாதத்தை நீட்டி, சிப்பி பாறையைத் தொட்டுப் பார்க்கிறது. இடம் பிடித்ததும் பாதத்தை அழுத்திவைக்கிறது. பாதத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு. அதற்குள் புரதத் திரவங்கள் சுரந்து, சில நிமிடங்களில் நூலாக இறுகிவிடுகின்றன. பாதத்தை இழுத்துக்கொண்டால், நுனியில் சிறு வட்டுடன் ஒரு நூல் பாறையில் நிற்கும். இப்படிப் பல நூல்களைக் கட்டித்தான் சிப்பி தன்னை நிறுத்திக்கொள்கிறது. அந்தப் புரதத்தில் டோபா என்ற அமினோ அமிலம் நிறைய இருப்பதை ஆய்வாளர் ஹெர்பர்ட் வெய்ட் 1980-களின் தொடக்கத்தில் விளக்கினார். நீர்ப் படலத்தை விலக்கிக்கொண்டு பாறையைப் பற்றுவதில் டோபாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

சிப்பியிலிருந்தே பசை எடுக்கலாமே என்றால், ஒரு கிராமுக்கே ஆயிரக்கணக்கில் சிப்பிகளைக் கொல்ல வேண்டும். லீ வேறு திசையில் யோசித்தார். மலிவாக, மலைமலையாகக் கிடைக்கும் புரதம் எது? சோயா மாவு. சோயா பசை ஒன்றும் புதிதல்ல. 1930-களிலேயே அமெரிக்க பிளைவுட் ஆலைகளில் இருந்ததுதான். ஈரம் தாங்காததால்தான் செயற்கைப் பசைகள் வந்ததும் அது ஓரங்கட்டப்பட்டது. அந்தக் குறையை லீ சரிசெய்தார். டீ பை, பேப்பர் டவல் போன்றவை நனைந்தாலும் கிழியாதிருக்கக் காகிதத்தில் ஒரு பிசினைச் சேர்ப்பார்கள். அதையே சோயா மாவில் கலந்தபோது புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து, ஈரத்தைத் தாங்கும் பசை ஆயின.

கொலம்பியா ஃபாரஸ்ட் ப்ராடக்ட்ஸ் என்ற பிளைவுட் நிறுவனம் 2005-லிருந்து தன் ஆலைகளை இந்தப் பசைக்கு மாற்றியது. 2006-ல் மட்டும் 2.1 கோடி கிலோவுக்கு மேற்பட்ட ஃபார்மால்டிஹைடு பசையின் இடத்தை இது பிடித்தது. ஆலைகள் காற்றில் விட்ட நச்சு 50 முதல் 90 சதவீதம் வரை குறைந்தது. அடுத்த ஆண்டே லீக்கும் நிறுவனத்துக்கும் பிசின் தயாரித்த ஹெர்குலிஸ் நிறுவனத்துக்கும் சேர்த்து, அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது.

ஆக, கடைக்கு வந்த பலகையில் சிப்பியும் இல்லை, சிப்பியின் டோபாவும் இல்லை. அதனால் இதை இயற்கையிடம் கற்றது என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகச் சொல்லலாம் என்பது என் கட்சி. புரதத்தைக் கொண்டே ஈரத்தைத் தாங்கும் பசை செய்ய முடியும் என்ற துணிச்சல் சிப்பியைப் பார்த்து வந்ததுதானே. கட்டடக் கலையிலும் இப்படி ஒரு கதை உண்டு. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில், உள்ளே குளிர்ச்சியாக இருக்க, கரையான் புற்றின் காற்றோட்டத்தை மனதில் வைத்து மிக் பியர்ஸ் வடிவமைத்த ஈஸ்ட்கேட் கட்டடம் 1996-ல் திறக்கப்பட்டது. புற்று உண்மையில் காற்றோட்டம் பெறும் விதம் வேறு என்று பின்னால் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் கட்டடம் குளிராமல் போய்விடவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. சிப்பி குளிர்ந்த கடல்நீரில், தான் தின்றதைக் கொண்டே பசை செய்கிறது. நமக்கு இன்னும் சூடான பிரஸ் வேண்டும், பெட்ரோலிய வழியில் வந்த பிசினும் வேண்டும். போதாததற்கு, இடம் பிடிக்காவிட்டால் சிப்பி தன் நூல்களைக் கழற்றிவிட்டு வேறிடத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளும். பிளைவுட் ஏடுகளை அப்படிப் பிரித்து மறுபடி பயன்படுத்த முடியாது. பழைய அலமாரி, எந்தப் பசையில் செய்ததானாலும், கடைசியில் அடுப்புக்கோ குப்பைமேட்டுக்கோதான் போகிறது.