நெஞ்சுப் படமும் பழைய தழும்பும்

நம் புத்தூரில் "எக்ஸ்ரே எடுத்தாச்சா?" என்று கேட்டால் அது எலும்பு விஷயம்தான். புத்தூர்க் கட்டுக்காகப் பல ஊர்க்காரர்களும் படமும் கையுமாக வந்து இறங்குவதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். எலும்பு முறிந்த கோடு பல சமயம் நம் கண்ணுக்கே தெரிந்துவிடும். நெஞ்சுப் படம் அப்படி அல்ல.

என் பெரியப்பாவுக்கு ஒரு மாத இருமல். படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மருத்துவமனையில், "டி.பி. மாதிரி இருக்கு, மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்றார்கள். பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். வீடே கலங்கிப் போயிற்று.

நெஞ்சுப் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது பெயரும் தேதியும். பிறகு, நோயாளி நம் எதிரே நிற்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும்; அவருடைய இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம். காற்று கறுப்பு, எலும்பு வெள்ளை, இதயமும் நீரும் இரண்டுக்கும் நடுவே. மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்திருந்தால் பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது, பத்து எண்ணலாம். அரைமூச்சில் எடுத்த படத்தில் நல்ல நுரையீரலும் அழுக்காகத் தெரியும், இதயமும் பெருத்துக் காட்டும். நின்றபடி, முதுகுப் பக்கமிருந்து எடுத்த படத்தில், பெரியவர்களுக்கு இதயத்தின் அகலம் மார்புக்கூட்டின் உள் அகலத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. படுக்கையில் எடுத்த படத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. உதரவிதானம் வலப்பக்கம் சற்று மேலே இருப்பது இயல்பு. இரு கீழ் மூலைகளும் கூராக இருக்க வேண்டும். நீர் கோத்தால் அவை மழுங்கும்.

காசநோய் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும் இடம் நுரையீரலின் மேல்பகுதி. கழுத்துப்பட்டை எலும்பின் மறைவில் இருப்பதால் அவசரத்தில் கண் தப்பிவிடும். பெரியப்பாவின் வெள்ளைத் திட்டு அங்கேதான் இருந்தது. ஆனால் அது புது நோயா, ஆறிய தழும்பா என்று ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அப்போதுதான் பெரியம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தார். பெரியப்பா இளவயதில் மதனப்பள்ளி ஆரோக்கியவரத்தில் சிகிச்சை பெற்றவர். டென்மார்க் நாட்டு டாக்டர் ஃப்ரிமோட் மோலரை முதல் தலைவராகக் கொண்டு 1915இல் திறக்கப்பட்ட காசநோய் விடுதி அது. ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முந்திய காலத்தில் ஓய்வும் நல்ல காற்றும் சத்துணவுமே அங்கே பெரிய மருந்து. பெரியப்பா போனது மாத்திரைக் காலத்தில்.

வேறொரு டாக்டர் இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அதே இடம், அதே அளவு. ஆனாலும் பழைய தழும்பிலிருந்து நோய் மீண்டும் கிளம்புவதுண்டு என்பதால், சளியை இரண்டு முறை சோதிக்கச் சொன்னார். கிருமி இல்லை. "இது சாதாரண மூச்சுக்குழல் அழற்சிதாங்க" என்றார்.

புதுப் படமும் இப்போது அந்தப் பழுப்பு உறையிலேயே இருக்கிறது. டிரங்குப் பெட்டிச் சாவி பெரியம்மாவிடம்.