காந்தள் வளர்த்தல்

கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தொடுத்த தொண்ணூற்றொன்பது பூக்களுள் முதலில் நிற்பது செங்காந்தள். திருமுருகாற்றுப்படை முருகனுக்குச் சூட்டுவதும் காந்தட் கண்ணியே. பண்டித வகுப்பிற் பயில்வோர் இவற்றைத் தடையின்றி ஒப்பிப்பர். அப்பூவுக்கு இதழ் எத்தனை என்று வினவினாலோ விழிப்பர். கார்த்திகைப்பூ என்னும் பெயரோடு எங்கள் ஊர் வேலிகளிற் படர்ந்த கொடிதான் அது. கிளுவை வேலிகள் மதில்களாக மாறிய பின்னர் அருகிவிட்டது. மாணவர் கண்ணாற் காணட்டும் என்றே அதனை வளவில் வளர்க்கலானேன்.

எளிதில் வசப்படும் கொடியன்று. கிழங்கு கலப்பை போல வளைந்தது. கலப்பைக்கிழங்கு என்னும் பெயர் அதனால் வந்தது. முளை அதன் நுனியிலே மாத்திரம் உண்டு. நுனி ஒடிந்தாற் கிழங்கு வீண். மணலும் இலையுரமும் கலந்த, நீர் தேங்காத மண்ணிலே கிடையாக நடுதல் வேண்டும். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளுமாதலால், தடித்த கம்பினும் மெல்லிய சுள்ளியே அதற்கு ஏற்றது. விதையிட்டு வளர்ப்போர் பூக்காண மூன்று நான்கு ஆண்டு பொறுத்திருக்க வேண்டும்.

மாரி தொடங்க முளைத்துக் கார்த்திகையிற் பூக்கும். ஆறு இதழ்கள். முதலிற் பசுமை கலந்த மஞ்சள். நாட்செல்ல இதழ்கள் பின்னோக்கி மேலெழுந்து சிவக்கும். நாலைந்து நாள் தொடர்ந்து பார்த்த மாணவர் ஒருவர், "ஐயா, முந்தநாள் விரலாக இருந்தது, இன்று தீயாக இருக்கிறது" என்றார். காந்தளுக்குப் புலவர் கூறும் உவமைகள் இரண்டும் அவர் வாயிலே தாமாகவே வந்துவிட்டன. எனது ஒரு மாத விரிவுரை அதனைச் செய்திராது.

தை, மாசியிற் கொடி மஞ்சளித்து மடியும். பலர் காந்தளை இழப்பது இப்பொழுதுதான். பட்டுப்போயிற்றென்று இரங்கி நாடோறும் நீர் வார்ப்பர். உறங்கும் கிழங்கு அழுகிவிடும். அடுத்த மாரிவரை சட்டியை மழை படாத தாழ்வாரத்தில் வைத்து, நீர் வாராது விட்டுவிடுதலே முறை.

இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. கொடி முழுவதும் நஞ்சு. கொல்சிசின் என்னும் அந்நஞ்சு கிழங்கை அவித்தாலும் நீங்காது. வள்ளிக்கிழங்கென்று மயங்கி உண்டு இறந்தோர் இந்நாட்டில் உளர். பிழைத்தவர்க்கும் தலைமயிர் உதிர்ந்ததுண்டு.

தவழும் மகனோடு வீட்டுக்கு வந்த என் மகள், "அப்பா, இவன் எதையும் வாயில வைக்கிறான். உங்களுக்குப் பூவோ, பேரனோ?" என்றாள். மறுமொழி கூறுதற்கு இடமில்லாத வினா. முற்றத்துக் கொடிகளை அன்றே அகற்றினேன். இரண்டு சட்டிகளை மாத்திரம் கிணற்றுக்கு அப்பால், கம்பிவலை அடைத்த கூண்டினுள் வைத்தேன். காய்களை முற்றுமுன் கொய்துவிடுகின்றேன், தொட்டபின் கைகழுவுகின்றேன்.

கூண்டின் திறப்பு மகளிடம் இருக்கின்றது. கார்த்திகையில் மாணவர் வரும்போது அவளைக் கேட்டே திறக்கின்றேன்.