இலவசக் கருவிகளும் மாணவர் கதைகளும்

சென்ற தலைமுறையின் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் கையெழுத்துப் பத்திரிகை என்றொரு வழக்கம் இருந்தது. கையெழுத்து நன்றாக அமைந்த மாணவன் கட்டுரைகளைப் பிரதி செய்ய, சித்திரம் வரையத் தெரிந்தவன் அட்டையை அலங்கரிக்க, தமிழாசிரியர் பிழை திருத்திக் கொடுக்க, ஒரே ஒரு பிரதியாக உருவாகி, வகுப்பு வகுப்பாகக் கைமாறி, ஓரங்கள் கிழிந்து நூலக அலமாரியில் போய்ச் சேரும் அந்தப் பத்திரிகையினால் பிள்ளைகளுக்குக் கிடைத்த எழுத்துப் பயிற்சி, பரீட்சைக்காக உருப்போட்ட கட்டுரைகளினால் கிடைத்ததில்லை. அதே வேலையை இன்று காசு செலவின்றி, எத்தனை பிரதிகளாகவும், அசையும் சித்திரமாகவும், ஒலிப்பதிவாகவும் செய்துகொள்ளச் சாதனங்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. மலிந்து கிடப்பதுதான் சங்கடமும். விளம்பரம் பலமாக உள்ளதை நம்பி ஒரு பருவம் முழுவதும் உழைத்த ஆசிரியர், பிள்ளைகள் செய்து முடித்ததை அங்கிருந்து வெளியே எடுக்கச் சந்தா கட்டச் சொல்கிறார்களே என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பது அபூர்வமான காட்சியல்ல. ஆகையால் எந்தச் சாதனத்தைப் பற்றியும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, மாணவன் செய்ததை ஒரு கோப்பாகக் கையோடு கொண்டுபோக அது விடுமா என்பதே என்பது என் அபிப்பிராயம். அழகு, வசதி எல்லாம் அதற்குப் பிற்பாடு.

இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லும் சாதனங்களில், நம் நாட்டிலேயே பிறந்த ஸ்டோரிவீவரை முதலில் வைக்கலாம். குழந்தைகளுக்கு மலிவு விலையில் தாய்மொழி நூல்களை வெளியிடும் நோக்கத்துடன் 2004-இல் தொடங்கப்பெற்ற, லாப நோக்கமற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ், அச்சடித்து விற்பதனால் மட்டும் அத்தனை மொழிக் குழந்தைகளையும் எட்டிவிட முடியாது என்று கண்டு, 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி, உலக எழுத்தறிவு தினத்தன்று, இந்தத் தளத்தைத் திறந்தது. இதிலுள்ள கதைகளும் சித்திரங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமத்தின் கீழ் வழங்கப்படுகின்றன. அதாவது, எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் குறிப்பிட்டு, என்ன மாற்றினோம் என்பதையும் சொல்லிவிட்டால், யாரும் அவற்றைப் பிரதி எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், திருத்தி வேறு கதையாக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். தமிழர்களுக்கு இந்தக் கருத்து முற்றிலும் புதிதென்று சொல்வதற்கில்லை. பாரதியார் நூல்களின் உரிமையை 1949-இல் சென்னை அரசாங்கம் விலைகொடுத்து வாங்கிப் பின்னர் பொதுச் சொத்தாக்கியதும் ஏறக்குறைய இதே நினைவினால்தான். அன்று அரசாங்கம் செய்ததை இன்று படைப்பாளியே, தன் நூலின் ஒரு பக்கத்தில் இரண்டு வரி அச்சிட்டுச் செய்துவிடுகிறார் என்பதே வேறுபாடு.

வகுப்பறையில் இதை உபயோகிக்கும் முறை சுவாரசியமானது. எழுதுகிற பக்கத்தைத் திறந்ததும், சித்திரங்களின் பெருந்திரள் ஒன்று மாணவன் முன் வந்து நிற்கிறது. மழையில் நனையும் ஆட்டுக்குட்டி, பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி என்று தனக்குப் பிடித்தவற்றைப் பொறுக்கி, வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வாக்கியங்கள் எழுதவேண்டும். ‘தலைப்புக் கொடுக்கிறேன், கதை எழுது’ என்றால் விழிக்கிற பிள்ளை, அந்தப் பாட்டி எந்த ஊருக்குப் போகிறாள் என்று கேட்டால் நிறுத்தாமல் பேசுகிறது. பேசியதையே எழுதச் சொல்வதுதான் ஆசிரியரின் யுக்தி. கதைகள் நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதும் பெரிய உபகாரம். முதற்படிக் கதைக்கு 250 சொற்களுக்கு மேல் கூடாது என்ற நிபந்தனை இருப்பதால், வளவளவென்று எழுதும் ஒன்பதாம் வகுப்பு மாணவனைத் தன் தம்பிக்காக ஒரு முதற்படிக் கதை எழுதச் சொன்னால், சொற்களைச் சுருக்குவது எத்தனை சிரமமான கலை என்பது ஒரே வாரத்தில் அவனுக்குப் பிரத்தியட்சமாகிவிடும். ஆங்கிலக் கதையொன்றை அருகில் வைத்துக்கொண்டு இருவர் இருவராகத் தமிழாக்கம் செய்வதும் இதிலேயே சாத்தியம். இரண்டு குழுக்கள் ஒரே கதையைத் தமிழாக்கி, பிறகு ஒன்றையொன்று ஒப்பிட்டுச் சண்டை போட்டுக்கொள்ளட்டும், இலக்கண வகுப்புக்கு அதைவிட நல்ல பீடிகை கிடையாது. முடிந்த நூல் பிடிஎஃப் கோப்பாக இறங்கிவிடுகிறது.

சித்திரத்தை அசையச் செய்யவேண்டும் என்ற ஆசை வந்தால் ஸ்கிராட்சுக்குப் போகவேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கும் அவர் குழுவினரும் உருவாக்கி 2007-இல் பொதுமக்களுக்கு அளித்த இது, கணினி நிரல் கற்பிக்கவே பிறந்ததாயினும், கதை சொல்வதற்கும் மிகவும் இசைவானது. வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இழுத்துப் பொருத்தினால் பாத்திரம் நடக்கும், பேசும், மறையும். காகமும் நரியும் கதையை எடுத்துக்கொள்வோம். முதல் முறை செய்யும்போது இரண்டும் ஏககாலத்தில் பேசத் தொடங்கிவிடும். ஏனெனில் கதையை ஓடச் செய்யும் கொடியைச் சொடுக்கியதும் இரண்டின் கட்டைகளும் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. உடனே மாணவன், நரி பேசும் இரண்டு விநாடிக்குக் காகத்தைக் காத்திருக்கச் சொல்லும் கட்டையைச் செருகுவான். நடுவில் ஒரு வசனம் கூடினால் கணக்கு முழுவதும் குலைந்துபோகும். அப்போதுதான், நரி பேசி முடித்ததும் ஒரு செய்தியை ஒலிபரப்ப, அந்தச் செய்தி கிடைத்த பிறகே காகம் வாய் திறக்கும்படி அமைக்கலாம் என்ற வழியைக் காட்டவேண்டும். நாடகத்தில் ஒருவர் வசனத்தின் கடைசிச் சொல்லே மற்றவருக்கு அடையாளமாக இருப்பதை அறிந்த பிள்ளைக்கு இது ஒரு நொடியில் விளங்கும்.

ட்வைன் என்பது இதைக்காட்டிலும் எளிது. கிறிஸ் கிளிமாஸ் என்பவர் 2009-இல் வெளியிட்டது. ஒரு பத்தியில் ஏதேனும் ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அந்தச் சொல்லே ஒரு வாசலாகி, அடுத்த பத்திக்கு வழி திறக்கும். ‘காட்டுப் பாதையில் போவதா, ஆற்றைக் கடப்பதா’ என்று படிப்பவரையே தீர்மானிக்க விடும் கிளைக்கதைகளை இப்படிக் கட்டலாம். முடிந்த கதை ஒரே ஒரு கோப்பு; எந்தக் கணினியின் உலாவியிலும் இணையம் இல்லாமலே திறக்கும்.

ஒலிக்கு ஆடாசிட்டி. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் தோன்றி 2000-இல் வெளிவந்த இந்த மென்பொருளைக் கொண்டு, பாட்டிமாரிடம் கைப்பேசியில் பதிவு செய்து வந்த கதைகளையும் தாலாட்டுகளையும் சீர்ப்படுத்தலாம். கிராமத்துப் பதிவில் மின்விசிறியின் இரைச்சல் இல்லாதிருக்குமா? பாட்டி பேசாமலிருக்கும் ஓரிரு விநாடியை மட்டும் தேர்ந்து, ‘இதுதான் இரைச்சல்’ என்று மென்பொருளுக்குக் காட்டிவிட்டு, பிறகு முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழிக்கச் சொன்னால் பெரும்பாலும் கழித்துவிடுகிறது. அளவுக்கு மீறிக் கழித்தால் பாட்டியின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்; கொஞ்சம் இரைச்சல் இருப்பதே மேல்.

இனி, தமிழுக்கென்றே உள்ள இடைஞ்சல் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பழகிய ஆசிரியர்கள் இன்னும் அநேகர். அந்த எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் உருவத்தை வைத்துக் காட்டியவை; ஆகவே அப்படி எழுதியதை மேற்சொன்ன சாதனங்களில் ஒட்டினால், வேஷம் கலைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துகளே எஞ்சும். 1991-இல் வெளியான யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் கிடைத்துவிட்டன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு அங்கீகரித்தது. இவ்விரண்டையும் பழகிக்கொள்ளாமல் வேறு எந்தச் சாதனத்தைப் பயின்றாலும் பிரயோஜனம் குறைவு. யூனிகோடில் எழுதினாலும் சில வீடியோ, போஸ்டர் மென்பொருள்கள் கொம்பையும் காலையும் கழற்றித் தனித்தனியே நிறுத்திவிடுகின்றன. புதிய சாதனம் எதையும் வகுப்புக்குக் கொண்டுவருமுன், ‘கொக்கு, கோழி, யானை, கௌதாரி’ என்று நான்கு சொற்களை அதில் அடித்துப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. கொக்கு சிதைந்தால் அந்தச் சாதனம் நமக்கு வேண்டாம்.

இலவசமாகக் கிடைத்தது என்றைக்கும் இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தியபோது, உலகெங்கும் பள்ளிகளில் அதில் செய்து வைத்திருந்த அசைபடங்களும் பாடங்களும் திறக்க முடியாதவையாயின. ஸ்கிராட்ச் தப்பியதற்குக் காரணம், அதை நடத்தியவர்கள் முன்யோசனையோடு 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஃப்ளாஷைக் கைவிட்ட மூன்றாம் பதிப்புக்கு மாறியிருந்ததே. பெருந்தொற்றுக் காலத்தில் ஆன்லைன் வகுப்புகளுக்கு உதவிய கூகுளின் ஜாம்போர்டும் 2024 டிசம்பர் இறுதியில் மூடப்பட்டது. நிறுவனத்தின் தயவில் நிற்கும் சாதனத்துக்கும், நிரல் திறந்து வைக்கப்பட்டிருப்பதால் ஒருவர் விட்டாலும் மற்றவர் எடுத்து நடத்தக்கூடிய சாதனத்துக்கும் உள்ள பேதம் இத்தகைய தருணங்களில்தான் வெளியாகிறது. ஸ்கிராட்சும் ட்வைனும் ஆடாசிட்டியும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேடுபொறியில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து ஒட்டுவது மாணவரிடம் மட்டுமல்ல, ஆசிரியர்களிடமும் உள்ள வழக்கம். விக்கிமீடியா பொதுவகத்தில் எடுத்தால் ஒவ்வொரு படத்தின் அடியிலும் எடுத்தவர் பெயரும் உரிமமும் இருக்கும். அவற்றைக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பதையும் மதிப்பெண்ணில் சேர்த்துவிட்டால் பழக்கம் தானே வந்துவிடும்.

கணக்குத் தொடங்கும் விஷயத்தில் ஜாக்கிரதை தேவை. பல தளங்கள் ‘13 வயது நிரம்பியவரா’ என்று கேட்பது 1998-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத்தை உத்தேசித்து. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொண்டு, பெற்றோரின் சம்மதத்தை வேண்டுகிறது. ஆதலால் முப்பது பிள்ளைகளும் தனித்தனிக் கணக்குத் தொடங்குவதைக் காட்டிலும், கணக்கே கேட்காத சாதனங்களைத் தேர்வது உசிதம். தவிர்க்க முடியாத இடத்தில் ஆசிரியரின் ஒரே கணக்கு போதும். கதையின் அடியில் மாணவியின் பெயர் இருக்கட்டும். புகைப்படமும் ஊரும் பள்ளிப் பெயரும் சேர்ந்து இணையத்தில் போகவேண்டியதில்லை.

கணினி அறையில் இணையம் வருவதும் போவதுமாக உள்ள பள்ளிகள், ஸ்கிராட்ச், ட்வைன், ஆடாசிட்டி மூன்றையும் ஒருமுறை ஒரு பென்டிரைவில் இறக்கிக்கொண்டு எல்லாக் கணினிகளிலும் நிறுவிவிடலாம். அதன்பின் அவற்றுக்கு இணையம் வேண்டாம். ஸ்டோரிவீவரில் எழுதுவதற்கு மட்டும் இணைப்பு அவசியம் என்பதால், பிள்ளைகள் கதையை நோட்டுப்புத்தகத்தில் எழுதி முடித்து, எந்தப் பக்கத்துக்கு எந்தச் சித்திரம் என்பதையும் குறித்து வைத்துக்கொண்டால், இணைப்புக் கிடைக்கிற ஒரு பிற்பகலிலேயே வகுப்பு முழுவதன் கதைகளையும் ஏற்றிவிட முடியும்.