குடிநோய்க்குக் காப்பீடு ஏன் கைகொடுப்பதில்லை?

சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னிதிக்கு எதிரே தரையில் ஒரு சக்கரக் குழி இருக்கிறது. மனம் பேதலித்தவர்களை அதில் உட்காரவைத்தால் தெளியும் என்பது இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாக வரும் நம்பிக்கை. மனம் நோயுறும், அதற்கு உதவி தேட வேண்டும் என்பதை ஊர் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனநலப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்தது. இன்றும் ஒப்புக்கொள்ளாமல் நிற்பது மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் உள்ள ஒரே ஒரு வரி.

அந்தச் சட்டத்தின் 21(4)ஆவது பிரிவு தெளிவானது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். சட்டம் 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அந்த ஆகஸ்டிலேயே எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது.

அடுத்த ஆண்டுதான் முடிச்சு விழுந்தது. எந்தெந்தச் சிகிச்சைகளுக்குப் பணம் மறுக்கலாம் என்பதை ஒழுங்குபடுத்த, 2019 செப்டம்பரில் ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மனநோய்ச் சிகிச்சையை விலக்கி வைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அதே ஆவணத்தில், ‘எக்ஸ்கிளூஷன் 12’ என்ற எண்ணின் கீழ், குடிநோய், போதைப்பொருள் பழக்கம், எந்த வகை அடிமைப் பழக்கமானாலும் அதற்கான சிகிச்சையையும் அதன் விளைவுகளையும் விலக்கலாம் என்ற அனுமதியும் இருக்கிறது. பாலிசிப் புத்தகத்தின் பின்பக்கங்களில் இந்த வரி இன்றும் அச்சாகி வருகிறது. நாடாளுமன்றம் நோய் என்று சொன்னதை ஓர் ஆணையத்தின் நெறிமுறை எப்படி வெளியே தள்ள முடியும்? எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்களைக் கேட்காமல் ஒதுக்கிவிட முடியாது. குடித்து முற்றிய பிறகு பாலிசி எடுக்க வருவார்கள், சிகிச்சை முடிந்தும் திரும்பக் குடிப்பார்கள், செலவுக்கு முடிவே இருக்காது என்கிறார்கள். ஆனால், பாலிசிக்கு முன்பே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. 2024 முதல் அதற்கு உச்சவரம்பு மூன்று ஆண்டுகள். சர்க்கரை நோய்க்குப் போதும் என்று ஏற்கப்பட்ட தடுப்பு குடிநோய்க்கு மட்டும் ஏன் போதாது? சர்க்கரை நோயாளி பத்தியம் தவறி இரண்டாவது முறை மருத்துவமனையில் சேர்ந்தால் யாரும் பாலிசியைக் காட்டிக் கதவைச் சாத்துவதில்லை.

அந்த வரியின் கொடுமை முழுவதும் ‘விளைவுகளையும்’ என்ற சேர்க்கையில் இருக்கிறது. கல்லீரல் சுருக்கம், கணைய அழற்சி என்று சேர்பவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘நாள்பட்ட குடிப்பழக்கம்’ என்று ஒரு குறிப்பு இருந்தால் போதும், கிளைம் மறுக்கப்பட வழி பிறந்துவிடும். கல்லீரல் சுருக்கத்துக்கு ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளும் கொழுப்பு படிவதும்கூடக் காரணம் ஆகலாம் என்பதை அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது.

இதனால்தான் குடும்பங்கள் டாக்டரிடம், ‘குடிக்கிறதை மட்டும் எழுதிராதீங்க’ என்று கெஞ்ச நேர்கிறது. சிலர் சொல்லாமலே மறைத்துவிடுகிறார்கள். இது உயிரோடு விளையாடுவது. தினமும் குடித்தவர் எலும்பு முறிவுக்காகவோ குடலிறக்கத்துக்காகவோ படுக்கையில் சேர்ந்தால், குடி நின்ற முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கைநடுக்கமும் பிதற்றலும் இல்லாத உருவங்கள் தெரிவதுமாகப் புத்தி தடுமாறலாம். முன்பே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுத்துவிடலாம். தெரியாவிட்டால் அந்த மயக்கமே ஆளைக் கொண்டுபோய்விடும்.

பாலிசி எடுக்கும்போதே மறைத்தாலும் தப்பிக்க முடியாது. ஹரியானாவைச் சேர்ந்த ஒருவர் 2013-ல் எடுத்த எல்.ஐ.சி. ஜீவன் ஆரோக்யா பாலிசி வழக்கில், குடிப்பழக்கத்தை விண்ணப்பத்தில் சொல்லாததால் பணம் மறுத்தது சரிதான் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையைச் சொன்னால் விலக்கு, மறைத்தால் மோசடி என்ற இடுக்கில்தான் குடிநோயாளியின் வீடு நிற்கிறது.

விலக்கு வரி இல்லாவிட்டாலும் சிக்கல் தீராது. பாலிசிக் கணக்கில் மருத்துவமனை என்றால், 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கைகள், இரவும் பகலும் மருத்துவரும் செவிலியரும், அறுவை அரங்கு எல்லாம் இருக்க வேண்டும். குடிநோய்க்கு அறுவை அரங்கு எதற்கு? பெரும்பாலான மறுவாழ்வு மையங்கள் இங்கேயே அடிபட்டுப்போகும். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இல்லாத மையத்தின் ரசீதும் செல்லாது. நச்சு நீக்கம் ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். ஆளைத் திருத்துவது அதற்குப் பின் மாதக்கணக்கில் தொடரும் ஆலோசனையும் மாத்திரையும்தான். அவை வெளிநோயாளிச் செலவு என்பதால், பெரும்பாலான பாலிசிகள் தொடுவதே இல்லை.

ஏழைகளுக்கான திட்டத்தில் வேறு விதமான தடை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆயுஷ்மான் சிகிச்சைப் பட்டியலில் போதையால் வரும் மனக் கோளாறுகள் இருக்கின்றன, ஆனால் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டு. சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளிக்கு அதன் பொருள், 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கலாம் என்பது. சிகிச்சை இலவசம்தான். கூட இருக்க மனைவியோ அண்ணனோ வேலையை விட்டுவிட்டுப் போனால், அந்தக் கூலியை யாரும் தருவதில்லை.

எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180-ல் ஒருவர். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பதே அரசுதான். 2023-24-ல் டாஸ்மாக் வருவாய் 45,855 கோடி ரூபாய். விற்கிற கைக்கு, குடித்து நோயுற்றவரின் சிகிச்சைச் செலவில் முதல் பொறுப்பு உண்டு என்றே நினைக்கிறேன். 2025-ல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்கள் நல்ல தொடக்கம். அவை தாலுகா ஊர்கள்வரை வர வேண்டும்.

வழக்காடிப் பெற இடம் இருக்கிறது. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு மனநோயாளிக்குப் பணம் மறுத்த நிறுவனத்தைக் கண்டித்து, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே 21(4) நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் என்றது. அது குடிநோய் வழக்கு அல்ல. ஆனாலும் வாதம் அப்படியே பொருந்தும். அமெரிக்காவிலும் 2008-ல் சம உரிமைச் சட்டம் வந்த பிறகுதான், மனநல, போதைச் சிகிச்சைக்கு உடல்நோயைவிடக் கடுமையான நிபந்தனை கூடாது என்ற நிலை உருவானது.

கிளைம் மறுக்கப்பட்டால், காரணத்தையும் பாலிசி விதி எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். நோய்க்கு வேறு காரணம் இருக்கிறதென்றால் டாக்டரின் சான்றும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் வாங்கி, நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கிளைம்களை அவர் விசாரிப்பார்.

பணம் வராது என்று பயந்து, ஆளை வீட்டில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த வேண்டாம். வலிப்பு வருவது அப்போதுதான். 14446 என்ற தேசிய போதை மீட்பு எண்ணை அழைத்தால், எங்கே சேர்ப்பது என்று சொல்வார்கள்.